பிழை பொறுக்கும் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. இராமாநுசர் அவதரித்த தலம் என்று பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்ற ஊர் அது. இன்று அவ்வூருக்கு வேறொரு புகழும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் தொடங்கித் தெற்கே ஒரகடம் வரையிலும், அவற்றைச் சூழ்ந்த இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் முதலிய இடங்களிலும், மோட்டார் வண்டிகள், கைபேசிகள், டயர்கள், கண்ணாடி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்திருக்கின்றன. காஞ்சிபுரம், திருவள்ளூர், அரக்கோணம் எனப் பல திசைகளிலிருந்தும் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு வரும் பேருந்துகளை விடியற்காலையில் அச்சாலைகளில் காணலாம். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்கென்றே ஒரு விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அதில் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண் அது!

இத்தனை பேர் ஓரிடத்தில் உண்டு, உறங்கி, ஒரே பேருந்தில் சென்று, ஒரே கூடத்தில் வேலை செய்யும்போது, ஒரு தொற்றுநோய் உள்ளே புகுந்துவிட்டால் என் செய்வது? இது வெறுங் கற்பனை அன்று. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனா நோயின் இரண்டாவது அலை வீசியபோது, இவ்வட்டாரத்துக் கார்த் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் தங்கள் உயிருக்கு அஞ்சிக் குரல் எழுப்பினர். சில ஆலைகள் சில நாள் மூடப்பட்டன. அந்த வேளையில் ஒவ்வொருவர் மனத்திலும் எழுந்த கேள்வி ஒன்றே: என் பக்கத்தில் நிற்பவருக்கு நோய் உண்டா, இல்லையா?

இக்கேள்விக்கு விடை தருவது சோதனைக்கூடம். ஆனால் சோதனைக்கூடமும் தவறு செய்யும். நோய் உள்ளவரை ‘இல்லை’ என்று அனுப்பிவிட்டால், அவர் அன்றிரவே தம் அறைக்குத் திரும்பிச் சென்று மற்றவருக்கும் நோயைத் தருவார். நோய் இல்லாதவரை ‘உண்டு’ என்று சொல்லிவிட்டால், நாட்கூலியை நம்பி வாழும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி காரணமின்றி இரண்டு வாரச் சம்பளத்தை இழப்பார். இரண்டுமே தீங்கு, ஒன்று உடலைத் தாக்குகிறது, மற்றொன்று வயிற்றைத் தாக்குகிறது. ஆகவே, குறைந்த சோதனைகளைக் கொண்டு பலரைச் சோதிக்க வேண்டும். சோதனைகளுள் ஒன்றிரண்டு பொய்த்தாலும் இறுதி முடிவு பொய்க்காமல் இருக்க வேண்டும். இவ்விரண்டு வேண்டுகோளையும் ஒருங்கே நிறைவேற்ற முயலும் கணிதத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் கூட்டுச் சோதனை என்பது என்ன என்று பார்ப்போம். ஒரு பால் சங்கத்தில் பத்துப் பேர் பால் கொண்டுவந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவருடைய பாலாவது புளிக்கத் தொடங்கியிருக்கிறதா என்று அறிய வேண்டும். ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியே காய்ச்சிப் பார்ப்பதற்குப் பத்து முறை அடுப்பு மூட்ட வேண்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவர் பாலிலும் ஒரு கரண்டி எடுத்து, ஒரே பாத்திரத்தில் கலந்து காய்ச்சுகிறோம். பால் திரியாவிட்டால், பத்துப் பேர் பாலும் நல்ல பால் என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடும். திரிந்தால் மட்டுமே ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். கூட்டுச் சோதனையின் அடிப்படை இவ்வளவே.

இந்த எளிய எண்ணத்தைக் கணக்காக வகுத்து வெளியிட்டவர் இராபர்ட் டார்ஃப்மன் என்னும் அமெரிக்க அறிஞர். ஆண்டு 1943. இரண்டாம் உலகப் போரின் காலம். படையில் சேர வந்த இளைஞர்களிடையே சிபிலிஸ் என்னும் மேகநோய் இருக்கிறதா என்று அறிய, இலட்சக்கணக்கானோரின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. பலருடைய இரத்த மாதிரியைக் கலந்து சோதித்தால் செலவு எவ்வளவு குறையும் என்று அவர் கணக்கிட்டார். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் இருக்குமாயின், 11 பேரை ஒரு தொகுதியாகச் சேர்ப்பதே மிகச் சிக்கனமானது என்று கண்டார்.

இதனை மாணவர்கள் காகிதத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். 1,100 தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்களுள் 11 பேருக்கு நோய். பதினொருவர் அடங்கிய தொகுதிகளாகப் பிரித்தால் 100 தொகுதிகள். ஆகவே முதற்கட்டத்தில் 100 சோதனைகள். நோயாளிகள் 11 பேரும் வெவ்வேறு தொகுதிகளில் சிதறியிருப்பதே நமக்கு மிகவும் பாதகமான நிலை. அப்போதும் 11 தொகுதிகளில் உள்ள 121 பேரை மட்டுமே மீண்டும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஆக மொத்தம் 221 சோதனைகள். ஒவ்வொருவரையும் தனியே சோதித்தால் 1,100. ஐந்தில் ஒரு பங்குச் செலவில் வேலை முடிந்துவிடுகிறது.

நம் நாட்டில் கொரோனாக் காலத்தில் இம்முறைக்கு இடம் அளிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர் அறிவுரை வெளியிட்டது. நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாக நோய் காணும் பகுதிகளில் ஐந்து மாதிரிகள் வரை கலந்து சோதிக்கலாம் என்றும், இரண்டு முதல் ஐந்து வரை உள்ள பகுதிகளில் நோய் பரவலை அறியும் கணக்கெடுப்புகளுக்கு மட்டுமே அவ்வாறு செய்யலாம் என்றும், ஐந்துக்கு மேற்பட்ட இடங்களில் கூடாது என்றும் அது வரையறுத்தது. இதற்குக் காரணம் வெளிப்படை. நோய் மிகுந்த இடத்தில் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலுமே ‘உண்டு’ என்று வந்துவிடும்; பிறகு எல்லாரையும் தனித்தனியே சோதிக்க நேரும்; கலந்த வேலையும் வீணாகும்.

டார்ஃப்மன் முறையில் சிக்கனம் இருக்கிறது; ஆனால் ஒரு குறையும் இருக்கிறது. தொகுதிச் சோதனை ஒரே ஒரு தடவை தவறிவிட்டால், அத்தொகுதியில் உள்ள பதினொருவரும் ‘நோயற்றவர்’ என்று வீட்டுக்கு அனுப்பப்படுவர். அத்தவற்றைக் காட்டிக்கொடுக்க வேறு சாட்சி இல்லை. ஒவ்வொரு சோதனையும் நூற்றுக்கு 95 தடவை நோயைச் சரியாகக் கண்டுகொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். டார்ஃப்மன் முறையில் ஒருவர் நோயாளி என்று அறியப்படுவதற்கு, அவர் தொகுதியிலும் ‘உண்டு’ என்று வர வேண்டும், தனிச் சோதனையிலும் ‘உண்டு’ என்று வர வேண்டும். 95 விழுக்காட்டின் 95 விழுக்காடு ஏறத்தாழ 90. ஆகவே நூறு நோயாளிகளில் பத்துப் பேர் தப்பிவிடுவர். சிக்கனத்திற்கு நாம் கொடுக்கும் விலை இது.

‘அப்படியானால் ஒவ்வொரு தொகுதியையும் இரண்டு தடவை சோதித்துவிடலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் தடவை ‘உண்டு’ என்றும் இரண்டாம் தடவை ‘இல்லை’ என்றும் வந்தால், எதை நம்புவது? கலக்கும்போது ஒருவருடைய மாதிரியைச் சேர்க்க மறந்திருந்தால், அதே கலவையை எத்தனை முறை சோதித்தாலும் அதே பிழைதான் திரும்ப வரும். ஒரே மனிதரை இரண்டு முறை கூண்டில் ஏற்றினால் இரண்டு சாட்சிகள் ஆகிவிடுவார்களா? ஒருவரையொருவர் சாராத வெவ்வேறு சாட்சிகள் வேண்டும். இங்கேதான் கணிதம் துணைக்கு வருகிறது.

ஒவ்வொருவர் மாதிரியையும் ஒரே குழாயில் மட்டும் இடாமல், மூன்று குழாய்களில் பிரித்து இடுவோம். ஆனால் மனம்போனபடி இடுவதில்லை. ஒரு நியதிப்படி இடுவோம். எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும், அவர்கள் இருவரும் ஒரு குழாய்க்கு மேல் பொதுவாகப் பெற்றிருக்கலாகாது. நியதி இந்த ஒன்றுதான்.

இதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். கையில் காகிதமும் பென்சிலும் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் 1, 2, 3. அதன் கீழே 4, 5, 6. அதன் கீழே 7, 8, 9 என்று எழுதுங்கள். இவை ஒன்பது குழாய்கள். படுக்கை வரிகளிலிருந்து மூன்று கூட்டங்கள் கிடைக்கும்: 1-2-3, 4-5-6, 7-8-9. நெட்டு வரிகளிலிருந்து மூன்று: 1-4-7, 2-5-8, 3-6-9. சாய்வாகச் சென்றால் ஆறு: 1-5-9, 2-6-7, 3-4-8, பிறகு மறுசாய்வில் 3-5-7, 2-4-9, 1-6-8. ஆகப் பன்னிரண்டு கூட்டங்கள். பன்னிரண்டு தொழிலாளருக்கு ஒவ்வொரு கூட்டத்தைக் கொடுத்துவிடுங்கள். 1-5-9 பெற்றவருடைய மாதிரி ஒன்றாம், ஐந்தாம், ஒன்பதாம் குழாய்களில் சேரும். மற்றவர்களுக்கும் அவ்வாறே. எந்த இரண்டு எண்களை எடுத்தாலும், அவை ஒரே ஒரு கூட்டத்தில்தான் சேர்ந்து வருகின்றன என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பிழை எவ்வாறு பிடிபடுகிறது என்று பார்ப்போம். 1-5-9 பெற்றவருக்கு மட்டும் நோய். எல்லாம் சரியாக நடந்தால் அந்த மூன்று குழாய்களும் ‘உண்டு’ என்று காட்டும். ஒன்பதாம் குழாய் தவறிப்போய் ‘இல்லை’ என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் ஒன்றும் ஐந்தும் மட்டுமே எஞ்சுகின்றன. ஆனால் ஒன்றும் ஐந்தும் சேர்ந்து வரும் கூட்டம் 1-5-9 ஒன்றே அல்லவா? ஆகவே நோயாளி யார் என்பதும் தெரிந்துவிட்டது. தவறியது ஒன்பதாம் குழாய் என்பதும் தெரிந்துவிட்டது. மாறாக, நான்காம் குழாய் காரணமின்றி ‘உண்டு’ என்று காட்டிவிட்டது என்று கொள்வோம். இப்போது 1, 4, 5, 9 என நான்கு குழாய்கள் முன்னிற்கின்றன. இந்நான்கிற்குள் முழுமையாக அடங்கும் கூட்டம் 1-5-9 மட்டுமே. பொய்ச்சாட்சி சொன்ன நான்காம் குழாய் தனித்து நிற்கிறது. நோயாளி ஒருவரேயாக இருந்து, ஒரு குழாய் மட்டுமே தவறினால், அது எந்தக் குழாயாக இருப்பினும் முடிவு தவறாது.

இவ்வமைப்பின் பெரிய வடிவம் ஒன்று 1850-ஆம் ஆண்டிலேயே ஒரு விளையாட்டுப் புதிராகத் தோன்றியது. தாமஸ் கிர்க்மன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அதனை வெளியிட்டார். பதினைந்து பள்ளிச் சிறுமியர் நாள்தோறும் மும்மூவராக உலாவச் செல்கின்றனர்; ஏழு நாட்களுக்குள் எந்த இரு சிறுமியரும் ஒரு தடவைக்கு மேல் சேர்ந்து நடக்காதவாறு வரிசை அமைக்க வேண்டும் என்பது புதிர். நாளொன்றுக்கு ஐந்து கூட்டங்கள்; ஏழு நாட்களில் 35 கூட்டங்கள். இப்போது சிறுமியரைக் குழாய்கள் என்று மாற்றிப் படியுங்கள். மும்மூவர் கூட்டங்களைத் தொழிலாளர் என்று மாற்றிப் படியுங்கள். 15 குழாய்களைக் கொண்டு 35 பேரைச் சோதிக்கும் திட்டம் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொருவரும் மூன்று குழாய்களில் இருப்பர். ஒவ்வொரு குழாயிலும் ஏழு பேர் மாதிரிகள் இருக்கும்.

இத்திட்டத்தில் முடிவு கூறும் விதி எளியது. மூன்று குழாய்களும் ‘உண்டு’ என்றால் அவரை நோயாளியாகக் கொள்ளுங்கள். இரண்டு மட்டும் ‘உண்டு’ என்றால் அவரைத் தனியே மீண்டும் சோதியுங்கள். ஒன்று மட்டும் ‘உண்டு’ என்றாலும், ஒன்றுமே இல்லை என்றாலும் வேலைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு குழாயும் தனித்தனியே நூற்றுக்கு 95 தடவை சரியாகக் காட்டுமாயின், நோயுள்ள நூறு பேரில் 99 பேர் குறைந்தது இரண்டு குழாய்களிலேனும் தென்பட்டு நம் பார்வைக்கு வந்துவிடுவர். டார்ஃப்மன் முறையில் 90 பேராக இருந்தது இங்கு 99 ஆகிறது. முப்பத்தைவரில் இருவருக்கு நோய் இருந்தாலும், குழாய்கள் தவறாத வரையில், நோயற்றவர் ஒருவருக்கும் மூன்று குழாய்களும் ‘உண்டு’ என்று வாரா. ஏனெனில் ஒரு நோயாளி மற்றொருவருடைய மூன்று குழாய்களுள் ஒன்றைத்தான் கெடுக்க முடியும். இருவர் சேர்ந்தாலும் இரண்டைத்தான் கெடுக்க முடியும். மூன்றாவது குழாய் அவருக்காக வாதாடும்.

பொழுதுபோக்குப் புதிர் ஒன்று நோயறியும் கருவியானதில் நம் நாட்டவர்க்கும் பங்கு உண்டு. கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய ஆர். சி. போஸ் என்பவர், பயிர்ச் சோதனைகளுக்காக நிலங்களைப் பாத்திகளாகப் பிரிக்கும் அமைப்புகளைப் பற்றி 1939-ஆம் ஆண்டில் ஒரு சிறந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். எந்த இரண்டு விதைகளும் ஒரே அளவு தடவை ஒரே பகுதியில் சந்திக்க வேண்டும் என்பது அங்கே உள்ள நிபந்தனை. கிர்க்மனின் சிறுமியரும் அவ்வினத்தைச் சேர்ந்தவர்களே. பின்னர் அமெரிக்கா சென்ற போஸ், தம் மாணவர் டி. கே. ராய்சவுதுரியுடன் சேர்ந்து, தந்திச் செய்திகளிலும் கணிப்பொறிகளிலும் நேரும் பிழைகளைத் திருத்தும் குறியீடுகளை 1960-இல் அமைத்தார். அதே ராய்சவுதுரி, ஆர். எம். வில்சன் என்பவரோடு சேர்ந்து, சிறுமியர் எண்ணிக்கை எவ்வளவாக இருப்பினும் கிர்க்மன் புதிருக்கு எப்போது விடை உண்டு என்பதை 1971-இல் நிறுவி வெளியிட்டார். வயலில் பாத்தி பிரிப்பதும், செய்தியில் பிழை திருத்துவதும், நோயாளியைக் கண்டறிவதும் அடிப்படையில் ஒரே கணக்கு என்பது வியப்புக்குரியது அன்றோ?

2020-ஆம் ஆண்டில் இக்கணக்கு நம் நாட்டுச் சோதனைக்கூடத்தை நாடி வந்தது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மனோஜ் கோபாலகிருஷ்ணன், அஜித் ராஜ்வாடே ஆகியோரும், பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிஞர்களும் சேர்ந்து, ‘டேபஸ்ட்ரி’ என்னும் முறையை உருவாக்கினர். கிர்க்மனின் மும்மூவர் கூட்டங்களையே அவர்கள் அடிப்படையாகக் கொண்டனர். அவர்களுடைய அமைப்புகளுள் ஒன்றில் 105 பேர் மாதிரிகளை 45 குழாய்களில் சோதிக்கலாம். அவர்கள் இன்னொரு நுட்பத்தையும் சேர்த்தனர். பி.சி.ஆர். என்னும் சோதனை ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்வதில்லை. வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதையும் ஓரளவு சொல்லுகிறது. அந்த அளவையும் கணக்கில் கொண்டால், நோயாளிகள் சற்று அதிகமாக இருந்தாலும் அவர்களைப் பிரித்தறிய முடிகிறது. அதே ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் 384 மாதிரிகளை 48 குழாய்களில் சோதிக்கும் அமைப்பை வெளியிட்டனர். அதில் ஒவ்வொரு மாதிரியும் ஆறு குழாய்களில் இடம்பெறும். இசைத்தட்டுகளில் கீறல் விழுந்தாலும் பாட்டுக் கெடாமல் காக்கும் ரீட்–சாலமன் குறியீடே அதற்கு அடிப்படை.

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. இதற்கும் மூன்று எல்லைகள் உள்ளன. அவற்றை மறைப்பது மாணவர்களுக்கு நன்மை செய்வதாகாது.

முதல் எல்லை, நோயின் பரவல். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் இருக்கும்போது, 35 பேர் கொண்ட குழுக்கள் நூற்றில் 95 குழுக்களில் ஒரு நோயாளிக்கு மேல் இருக்க மாட்டார். ஐந்தில் ஒருவருக்கு நோய் என்னும் நிலை வந்துவிட்டால், ஒரு குழுவில் சராசரியாக ஏழு பேர் நோயாளிகள். பெரும்பாலான குழாய்கள் ‘உண்டு’ என்றே காட்டும். யார் எவர் என்று பிரிக்க இயலாது. அப்போது தனித்தனிச் சோதனையே வழி. இரண்டு நோயாளிகள் இருக்கும்போதே நோயற்ற நால்வரோ ஒன்பதின்மரோ இரண்டு குழாய்களில் ‘உண்டு’ பெற்று, மறுசோதனைக்காகக் காத்திருக்க நேரும்.

இரண்டாவது எல்லை, நீர்த்துப்போதல். பால் எடுத்துக்காட்டிற்குத் திரும்புங்கள். சற்றே புளித்த பால் ஒரு கரண்டி, நல்ல பால் ஒன்பது கரண்டியோடு சேர்ந்தால் திரியாமலே போகலாம். ஏழு பேர் மாதிரிகள் கலக்கும்போது ஒருவருடைய வைரஸ் ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. பி.சி.ஆர். சோதனையில் ஒவ்வொரு சுற்றிலும் மரபுப் பொருள் இரட்டிப்பதால், இக்குறைவை ஈடுசெய்ய ஏறக்குறைய மூன்று சுற்றுகள் கூடுதலாக வேண்டும். வைரஸ் மிகுந்த மாதிரிக்கு அது பெரிதன்று. வைரஸ் மிகக் குறைந்த மாதிரியோ மூன்று குழாய்களிலும் ஒருங்கே தவறிவிடலாம். குழாய்கள் ஒன்றையொன்று சாராமல் தவறும்போதுதான் நம் கணக்கு செல்லும். மூன்று சாட்சிகளும் ஒரே காரணத்தால் கண் மங்கியிருந்தால், மூன்று பேரைக் கேட்டும் பயனில்லை.

மூன்றாவது எல்லை, மனிதர் வாழும் முறை. நோய் மக்களிடையே சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் விழுவதில்லை. வல்லம் வடகால் விடுதி போன்ற ஓரிடத்தில் ஓர் அறையில் ஒருவருக்கு நோய் வந்தால், உடன் தங்கியிருப்பவர்களுக்கும் வரக்கூடும். டார்ஃப்மன் முறையைப் பின்பற்றுவோமாயின், ஓரறையினரை ஒரே தொகுதியில் சேர்ப்பது நல்லது. நோயாளிகள் ஒரே தொகுதியில் திரண்டுவிடுவர், மற்றத் தொகுதிகள் தூய்மையாக இருக்கும். கிர்க்மன் முறையைப் பின்பற்றுவோமாயின், இதற்கு நேர்மாறாக, ஓரறையினரை வெவ்வேறு குழுக்களில் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் ஒரே குழுவில் நான்கைந்து நோயாளிகள் சேர்ந்து அமைப்பையே குலைத்துவிடுவர். ஆகவே கணக்கறிந்தவர் விடுதியின் அறைப் பட்டியலையும் பேருந்துப் பட்டியலையும் பார்க்காமல் குழாய்களை நிரப்பலாகாது.

இனிச் செலவுக் கணக்கை நேர்மையாகப் பார்ப்போம். 1,100 பேருக்கு டார்ஃப்மன் முறையில் 221 சோதனைகள் போதும் என்றோம். கிர்க்மன் முறையில் 32 குழுக்கள் வேண்டும். குழுவுக்கு 15 குழாய்கள் வீதம் 480 சோதனைகள். மறுசோதனைகள் அதற்கு மேல். அதாவது, பிழை பொறுக்கும் திறனுக்காக நாம் இரண்டு மடங்குக்கும் சற்று மேலாகவே செலவு செய்கிறோம். ஆயினும் அது தனித்தனிச் சோதனையில் பாதிக்கும் குறைவே. மேலும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே சுற்றில் முடிவு தெரிந்துவிடுகிறது. இரண்டாம் கட்டச் சோதனைக்காக ஒரு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. வேகமாகப் பரவும் நோயில் அந்த ஒரு நாள் எத்தனை பேரைக் காக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கணிதம் மட்டும் முடிவு செய்யாது. இரத்த வங்கியில் ஒரு துளி நோய் தப்பினாலும் ஓர் உயிர் போகும். அங்கே பிழை பொறுக்கும் முறைக்கு எவ்வளவு செலவு செய்தாலும் தகும். யானைக்கால் நோய்க் கிருமி இன்னும் பரவுகிறதா என்று அறியக் கொசுக்களைத் திரட்டிக் கூட்டமாகச் சோதிக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி ஆய்வு மையம் இத்தகைய ஆய்வுகளில் ஈடுபட்டது. அங்கே எந்தக் கொசுவிடம் கிருமி இருக்கிறது என்பது நமக்கு வேண்டியதில்லை. எத்தனை பங்கு என்று தெரிந்தாற் போதும். தொழிலாளர் விடுதியிலோ இரண்டு பிழைகளும் மனிதரைத் தாக்குகின்றன. எந்தப் பிழையால் யார் துன்புறுவார், அத்துன்பம் எவ்வளவு என்பதை முதலில் கேட்டறிந்து, பிறகே எத்தனை குழாய்கள் என்று கணக்கிட வேண்டும்.

மாணவ நண்பர்களே, பிழையே செய்யாத கருவி உலகில் இல்லை. பிழை செய்யாத மனிதரும் இலர். நள்ளிரவில் ஆயிரக்கணக்கான குழாய்களை நிரப்பும் சோதனைக்கூடப் பணியாளரின் கை ஒருமுறை தவறுவது இயற்கை. அந்தக் கையைக் குறைகூறுவது எளிது. அக்கை தவறினாலும் ஒருவரும் துன்புறாதபடி ஏற்பாட்டை அமைப்பது அரிது. அரிய அந்த வேலைக்குக் கிர்க்மனின் புதிரும் போஸின் பாத்திகளும் வழிகாட்டுகின்றன. அடுத்த தொற்றுநோய் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. அது வரும்போது, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிலாளர் ஒருவருக்குச் சொல்லப்படும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் சொல், ஒரே குழாயின் வாக்காக இராமல், ஒன்றையொன்று சரிபார்த்த மூன்று குழாய்களின் வாக்காக இருக்கட்டும். அதற்கான கணக்கை இன்றே கற்றுக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. ஒன்பது எண்களும் ஒரு தாளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.